இழையின் ஓரத்தில் ஒரு விளம்பரம்

காப்பி இயந்திரம் காப்பி போடுவது எப்படி என்று படித்துக்கொண்டிருந்தது. நறுமுகை கையில் டம்ளருடன் அதன் எதிரே நின்றாள். நேற்றும் இதே காப்பிதான், முந்தாநாளும் இதேதான். ஆனாலும் ஒவ்வொரு காலையும் அது முதலிலிருந்து கற்றுக்கொண்டாக வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் டம்ளரை நீட்டினாள். பொள்ளாச்சி முழுவதும் அந்த நேரத்தில் தண்ணீர் மோட்டார்களும் மின்தூக்கிகளும் பேருந்துகளும் இதையேதான் செய்துகொண்டிருந்தன.

அவள் சிறுமியாக இருந்தபோது கருவிகள், வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லும் நிரல்களைச் சேமித்து வைத்திருந்தன. பிறகு நச்சுநிரல் காலம் வந்தது. சேமித்த நிரல்களுக்குள் யாரோ எழுதிய வரிகள் புகுந்து, ஒரு கோடை முழுவதும் எந்த இயந்திரத்தையும் நம்ப முடியாமல் போயிற்று. அதன்பின் வந்ததுதான் அன்றாட நிரல் சட்டம். எந்தக் கருவியும் நிரலை வைத்துக்கொள்ளக் கூடாது. வேலை வரும்போது புதிதாக எழுத வேண்டும், முடிந்ததும் அழித்துவிட வேண்டும். எழுதுவதற்கு ஒரே மொழி, இழை. இழையைப் படிப்பதற்கு ஒரே இடம், அதன் மூலத்தளம்.

அந்தத் தளத்தை மனிதர்கள் படித்துப் பல காலம் ஆகிவிட்டது. நிரல் எழுதும் மனிதர்களே இல்லாதபோது யார் படிப்பார்கள்? ஆனால் பக்கங்களைச் சீர்படுத்தவும், எது சரி எது தவறு என்று முடிவு சொல்லவும் மனிதர்கள் வேண்டியிருந்தது. சம்பளம் இல்லாத ஏழு பேர் மன்றம் ஒன்று அதைப் பார்த்துக்கொண்டது. நறுமுகை அந்த எழுவரில் ஒருத்தி.

காப்பியுடன் உள்ளறைக்குப் போனாள். கட்டிலில் கணவன் இளம்பரிதி விழித்திருந்தான். ஒருகாலத்தில் கைப்பந்து நடுவர்; விசிலை வாயில் வைத்தால் மைதானமே அடங்கும். நரம்பு நோய் முதலில் அவன் கைகளைப் பிடித்தது, பிறகு கால்களை, பிறகு நாக்கை. இமைகள் மட்டும் மிச்சம். நெற்றியில் கட்டிய பட்டை அவன் சொல்ல நினைப்பதை வாங்கி, கட்டிலடியில் இருந்த குரல்பெட்டிக்கு அனுப்பும். பெட்டி மூலத்தளத்தைப் படித்து, அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு நிரல் எழுதி, அவனுடைய பழைய குரலிலேயே பேசும்.

"என் பங்கையும் நீயே குடிச்சுப் போடறே," என்றது பெட்டி. "ஒரு நாளைக்குத் தராசுல ஏறிப் பாரு."

"பொறாமையாக்கும்," என்றாள் நறுமுகை, அவன் எதிரே உட்கார்ந்து நிதானமாகக் குடித்தபடி.

அவர்களுடைய இல்லறம் முழுவதும் இப்படித்தான். அவன் கொஞ்சிப் பேசியதாக அவளுக்கு நினைவில்லை. பேச்சு நின்றுபோன மாதங்களில் அந்தக் குத்தலுக்காகவே அவள் ஏங்கிப்போயிருந்தாள்.

அன்று மதியம் மன்றம் திரையில் கூடியது. தளத்தின் வழங்கிக் கணினிகளை இலவசமாக நடத்திவந்த பல்கலைக்கழகக் கூட்டமைப்பு கைவிரித்துவிட்டது. மாற்று ஏற்பாடு இல்லையென்றால் மழைக்காலம் தொடங்குவதற்குள் தளம் தள்ளாட ஆரம்பித்துவிடும். மூத்த உறுப்பினர் ஜுனைத் கோவை உக்கடத்திலிருந்து பேசினார். அவரிடம் ஒரு யோசனை இருந்தது.

"இனியம்னு ஒரு கம்பெனி. பேசற கருவிகளுக்கு ஆயத்த வாக்கியங்களோட சொற்கிடங்கு வெச்சிருக்காங்க. நம்ம இழை இலக்கணப் பக்கத்து ஓரமா ஒரு சின்னக் கட்டம் கேக்கறாங்க. 'விரைவாக வாக்கியம் அமைக்க எங்கள் கிடங்கைப் பயன்படுத்துங்கள்'னு ரெண்டு வரி. மேல 'விளம்பரம்'னே தலைப்புப் போட்டுரலாம். மொத்தச் செலவையும் அவங்க ஏத்துக்கறாங்க."

"படிக்கிறது மெஷின்தானுங்களே? மெஷினுக்கு எதுக்குங்கண்ணா விளம்பரம்?" என்றாள் நறுமுகை.

"வேணும்னா எடுத்துக்கும். வேண்டாம்னா விட்டுப்போட்டுப் போகும். மனுஷன் கண்ணுல படாத விளம்பரம்மா. யாருக்கு என்ன கெடுதல்?"

மன்றத்தில் வயதில் குறைந்தவளான பவானிகா குறுக்கிட்டாள். "நம்ம பக்கத்துல இருக்கறதெல்லாம் உண்மைன்னு நம்பித்தான் ஒரு கருவி படிக்குது. அதுக்கு ஓரம் எது, நடு எதுன்னு தெரியுமா சார்?"

"தளமே இல்லாமப் போனா எதைப் படிக்கும்?" என்றார் ஜுனைத். கோபமாக இல்லை, களைப்பாகச் சொன்னார்.

வேண்டும் என்று மூன்று பேர், வேண்டாம் என்று மூன்று பேர். எல்லோரும் நறுமுகையைப் பார்த்தார்கள். ஒரு நாள் அவகாசம் கேட்டாள்.

சாயங்காலம் பரிதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பதில் பெட்டியில் வந்தது.

"வேண்டாம்."

"தளம் நின்னுபோச்சுன்னா உங்க பெட்டியும் நின்னுபோயிருமுங்க."

"நடுவர் சட்டையில ஒரு டீமோட கம்பெனி பேரை ஒட்டிட்டு நின்னா, அப்புறம் எவனும் விசிலை நம்ப மாட்டான்."

இருட்டும்வரை அவன் அருகிலேயே இருந்தாள். அவன் பேச்சு மறுபடியும் நின்றுபோன வீட்டை நினைத்துப் பார்த்தாள்; முடியவில்லை. மறுநாள் விளம்பரத்துக்கு ஆதரவாக வாக்களித்தாள். அவனிடம் அதைச் சொல்லவில்லை.

விளம்பரம் வந்தபின் எதுவும் கெட்டுப்போகவில்லை. மோட்டார்கள் ஓடின, பேருந்துகள் ஓடின. பரிதியின் பெட்டி முன்னைவிட வேகமாகப் பேசியது. முன்பெல்லாம் ஒரு வாக்கியத்துக்கு அவள் காத்திருக்க வேண்டும். இப்போது அவள் அறைக்குள் வந்ததுமே குரல் வந்தது.

மெல்ல மெல்லப் பேச்சின் தன்மையும் மாறியது. குத்தல் குறைந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டான். களைப்பாகத் தெரிகிறாய், கொஞ்சம் படுத்துக்கொள் என்றான். நோய் ஆளைக் கனியவைத்துவிட்டது என்று அவள் எண்ணிக்கொண்டாள். ஒரு நாள் காலை ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து பெட்டி பேசியது.

"நீ இல்லாட்டி நான் என்ன ஆயிருப்பேனோ கண்ணு."

அவள் திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இத்தனை வருடத்தில் அவன் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. அடுத்தடுத்த காலைகளிலும் அவன் அதைச் சொன்னான். புரட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாவற்றையும் கட்டிலே செய்துகொண்டதால் அவளுக்குச் செய்வதற்கு அதிகம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் முகத்தை உற்றுப் பார்க்கும் பழக்கம் எப்போது விட்டுப்போனது என்று அவளுக்கே தெரியாது.

மாதாந்தரப் பரிசோதனைக்காக அவனைச் சக்கரக் கட்டிலில் நரம்பு மையத்துக்குக் கொண்டுபோனாள். காத்திருப்போர் கூடத்தில், உடுமலையிலிருந்து வந்திருந்த லோகேஸ்வரி என்ற பெண் தன் தகப்பனாருடன் உட்கார்ந்திருந்தாள். அவருக்கும் நெற்றிப்பட்டை, குரல்பெட்டி. லோகேஸ்வரி குனிந்து அவருடைய போர்வையைச் சரிசெய்தபோது அந்தப் பெட்டி பேசியது. வயதான, கரகரத்த குரல்.

"நீ இல்லாட்டி நான் என்ன ஆயிருப்பேனோ கண்ணு."

லோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நறுமுகை தன்னைப் பார்ப்பதைக் கண்டு கூச்சத்தோடு சிரித்தாள்.

"எங்கப்பா என்னைய வாய் நிறையக் கூப்பிட்டதே கிடையாதுங்க்கா. இப்பத்தான்..."

நறுமுகை மெதுவாகப் பரிதியின் பக்கம் திரும்பினாள். வெகு நாளைக்குப் பிறகு அவன் கண்களைப் பார்த்தாள். அவை அகல விரிந்து, அவள்மேலேயே நிலைகுத்தி நின்றன. எத்தனை நாளாக அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறானோ!

மையத்தில் பட்டையை மட்டும் சோதித்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை அணைத்தாள். பெட்டி வாங்குவதற்கு முன் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருமுறை இமைத்தால் ஆமாம், இருமுறை இமைத்தால் இல்லை. இமைகளும் தளர்ந்துகொண்டே வந்ததால்தான் பெட்டியே வாங்கினார்கள்.

"ஏனுங்க, காலையில கண்ணுன்னு சொன்னது நீங்களா?"

இருமுறை.

அது தெரிந்த பதில்தான். ஆனாலும் அவள் அதைக் கேட்டாக வேண்டியிருந்தது.

"வேற ஏதாவது சொல்ல வந்தீங்களா?"

ஒருமுறை. இமை மேலே வரத் திணறியது.

எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவன் இமைக்கும் எழுத்தில் நின்றாள். 'மு' கிடைத்ததும், தன் பெயரைச் சுருக்கி அவன் கூப்பிடும் 'முகை'யா என்று கேட்டாள். இருமுறை இமைத்தான். மறுபடி தொடங்கினாள். 'து'. அதற்குள் அவன் கண்ணோரம் நீர் வழிந்தது. அவள் மிச்சத்தைக் கேட்கவில்லை. கட்டிலின் விசையை நிறுத்திவிட்டு, தன் கையாலேயே அவனை ஒருக்களித்துப் புரட்டினாள்.

முதுகின் கீழே, தண்டெலும்பு முடியும் இடத்தில், தோல் கறுத்துப் பிளந்திருந்தது. கட்டில் அதைத் துடைத்திருந்தது. துடைக்கத்தான் அதற்குத் தெரியும். புண் ஆழமாக இருந்தது.

ஒவ்வொரு காலையிலும் முதுகு எரிகிறது என்றுதான் அவன் சொல்லியிருக்கிறான். மனைவியை நோக்கி எழுந்த அந்தத் தவிப்புக்குப் பொருத்தமாக ஓர் ஆயத்த வாக்கியம் சொற்கிடங்கில் தயாராக இருந்தது. பெட்டி விரைவாக அதை எடுத்துக் கொடுத்திருக்கிறது. அவளும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் வந்து புண்ணைச் சுத்தம் செய்தார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் எலும்புக்கு இறங்கியிருக்கும் என்றார். நறுமுகை தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். அவர் போனதும் மன்றத்தைக் கூட்டினாள்.

நடந்ததைச் சொன்னாள். அவனுடைய விருப்பத்துக்கு மாறாகத் தான் வாக்களித்ததையும் சொன்னாள். பவானிகா 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லக்கூடியவள்தான், சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"கட்டத்தை எடுத்தா இனியம் போயிரும்," என்றார் ஜுனைத் கடைசியில். "அப்புறம் எல்லாக் கருவியும் படிக்க இடம் பத்தாது. முறை வெச்சு விடணும். ஆஸ்பத்திரி, தண்ணி, பஸ்ஸு, இதெல்லாம் முன்னால. குரல்பெட்டியெல்லாம் கடைசி. ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் கிடைச்சாலே பெருசு. உங்க வூட்டுக்காரருக்கும் அதுதாம்மா."

"தெரியுமுங்கண்ணா."

ஜுனைத் கண்ணாடியைக் கழற்றினார். "என் மக ஸஃப்ரீனை உங்களுக்குத் தெரியும்."

தெரியும். முப்பதை நெருங்கும் பெண். பிறந்ததிலிருந்து பேச்சில்லை. பல வருடம் பட்டை கட்டியும் பெட்டியில் உடைந்த ஒலிகளைத் தவிர எதுவும் வந்ததில்லை.

"போன மாசத்துலருந்து பேசறா. நான் வூட்டுக்குள்ள நுழைஞ்சா 'அத்தா, உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன்'ங்கறா. அவங்கம்மா அன்னிக்கு ஊருக்கே பிரியாணி போட்டா." கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். "கிடங்குச் சொல்லுதான்னு எனக்கு முதல் நாளே சந்தேகம் வந்துச்சும்மா. நானும் இலக்கணம் படிச்சவன்தானே? ஆனா கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு."

அந்த 'நல்லா இருந்ததை' நறுமுகையும் அனுபவித்தவள்தான்.

வாக்கெடுப்பில் விளம்பரம் வேண்டும் என்று ஒரு கைகூட உயரவில்லை. அந்தக் கட்டத்தை யார் அழிப்பது என்று பேச்சு வந்தபோது ஜுனைத் தானே செய்வதாகச் சொன்னார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைத் திறந்து அழித்தார். பிறகு யாரிடமும் விடைபெறாமல் திரையை அணைத்துவிட்டார்.

மறுநாள் ஊரே மந்தமாயிற்று. மின்தூக்கிகள் முறைக்காகக் காத்து நின்றன. காப்பியைப் பாத்திரத்தில் போட்டுக் குடிக்க வேண்டியிருந்தது. லோகேஸ்வரி எப்படியோ நறுமுகையின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தாள்.

"நீங்கதான் எடுக்கச் சொன்னீங்களாமே, ஏங்க்கா? எங்கப்பா மறுபடி ஊமையா ஆயிட்டாருங்க."

"அவரு சொல்லலைங்க அதை. அவருக்கு எங்கயாவது வலிக்குதான்னு பாருங்க, முதுகைப் புரட்டிப் பாருங்க..."

"சொன்னது யாரா இருந்தா உங்களுக்கு என்ன?" என்றாள் லோகேஸ்வரி. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

பரிதியின் முறை சில நாள் கழித்து, வெயில் ஏறிய ஒரு முற்பகலில் வந்தது. அதற்குள் இமைவழியாகவே மன்றத்தில் நடந்த முழுவதையும் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். பெட்டியில் விளக்கு எரிந்தது. நறுமுகை கட்டிலருகே முழங்காலிட்டாள். தன்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. பெட்டி நெடுநேரம் படித்தது, எழுதியது, அடித்து எழுதியது. பிறகு அவன் குரல் வந்தது, கரடுமுரடாக, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு.

"ஜுனைத் வூட்டுக்குப் போ. அந்தாளு தனியா இருப்பான்."

விளக்கு அணைந்தது. அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்தது.

பக்கத்து வீட்டு அம்மாளை அவனுக்குத் துணைக்கு வைத்துவிட்டு, நறுமுகை உக்கடம் பஸ் ஏறினாள். ஊர்ந்து ஊர்ந்து போன பஸ்ஸில் போய்ச் சேர மதியம் சாய்ந்துவிட்டது. கதவைத் திறந்தது ஜுனைத்தின் மனைவி. யாரென்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள்.

கூடத்தில் ஸஃப்ரீன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். நெற்றியில் பட்டை இருந்தது, பெட்டியில் விளக்கில்லை. எதிரே தரையில் ஜுனைத். சவரம் செய்யாத முகம்.

"வாங்கம்மா," என்றார். "இன்னும் எங்க முறை வரலை."

"பரவாயில்லீங்கண்ணா."

"வந்தா மட்டும் என்ன வரும்னு தெரியலை. உள்ளுக்குள்ள என்ன நெனைக்கறான்னு ஒரு நாளும் எனக்குத் தெரிஞ்சதில்லை. ஒரு மாசம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்."

நறுமுகை அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஸஃப்ரீன் சுருட்டுவதை நிறுத்திவிட்டு, புதிதாக வந்தவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் தகப்பனாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது அன்பா, வலியா, வெறும் அலுப்பா என்று நறுமுகையால் சொல்ல முடியவில்லை. ஜுனைத்தாலும் முடியவில்லை. ஆனால் அவர் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.