சின்னதுரை பெயரில் யார் ரத்தம்?

அது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்பது இப்போது யாருக்கும் நிச்சயமில்லை. மழை தூறியது போலவும் இருக்கிறது, வெயில் அடித்தது போலவும் இருக்கிறது. நேரம் மட்டும் சரி. ஆசிஃபா பதிவேட்டில் எழுதி வைத்திருந்தாள்: காலை 7.50.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எச்.ஐ.வி. பரிசோதனை மையம் ஒன்றில் அவள் ஆலோசகர். அதிகம் பேசமாட்டாள். எதிரில் இருப்பவர் மௌனம் தாங்காமல் உண்மையைக் கொட்டும்வரை காத்திருப்பாள்.

உமாராணி ஒரு தாளை மேஜைமேல் போட்டாள். நாலு மாதக் கர்ப்பம். தோளில் துணிப்பை.

"இவரு டிபன் பையில கெடந்துச்சு மேடம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நான் காடாம்புலியூருக்கு எங்கம்மா வூட்டுக்கு பஸ் ஏறிடறேன்."

பன்னிரண்டு நாளைக்கு முன் கான்ட்ராக்டர் ஆபீசில் நடந்த ரத்தப் பரிசோதனை முகாமின் அறிக்கை, அவள் கணவன் பெயரில். 'எச்.ஐ.வி. உண்டு' என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் வேறு சில வரிகள்.

கணவன் சின்னதுரை, மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டான்.

காலை 8.00. ஜன்னலுக்கு வெளியே போனில் அலாரம் அடித்தது. சின்னதுரையின் கூட்டாளி சிங்காரவேல், சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்து டீயோடு விழுங்கினான்.

காலை 8.35. சம்மதம் கேட்டு எடுத்த ரத்தத்தில் கணவனுக்கும் இல்லை, மனைவிக்கும் இல்லை.

"அப்ப பன்னண்டு நாள்ல ஓடிப்போச்சா?" என்றாள் உமாராணி.

"இந்த டெஸ்ட் கிருமியத் தேடறதில்லம்மா. கிருமிய எதிர்த்து உடம்பு உண்டாக்கற பொருளத் தேடுது. அது பன்னண்டு நாள்ல மறையாது."

ஆசிஃபா முகாமை நடத்திய சூப்பர்வைசர் ஜெயராமனுக்குப் போன் போட்டாள்.

"ட்யூப் மாற சான்ஸே இல்ல மேடம். ஆள் எதிர்லயே பேர் ஒட்டினோம்."

"ஆள் முகத்தைப் பார்த்தீங்களா?"

"நூத்தம்பது பேரு. மூஞ்சியெல்லாம் யாரு பாக்கறது?"

"எச்.ஐ.வி.க்குச் சம்மதம் வாங்கினீங்களா?"

"சுகருக்குன்னு சொல்லித்தான்..." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவள் தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு மேஜையில் உருண்டு கிடந்த இரண்டு காலி பாட்டில்களைப் பார்த்தாள். சின்னதுரையின் விரலில் ஊசி குத்தினாள்.

காலை 9.05. கருவியில் 286. தாளில் சர்க்கரை 92. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

மூன்றாவது நிமிடம் அவன் உடைந்தான்.

"சுகர் இருந்தா பர்மனன்ட் லிஸ்ட்ல பேர் வராதுன்னாங்க. ஷிப்ட் மாத்திக்கிறோமே, அந்த மாதிரிதான் மேடம். எனக்குப் பதிலா ஒருத்தன் கைய நீட்டினான்."

"யாரு அது?" உமாராணி எழுந்தேவிட்டாள்.

"நீ வூட்ட வுட்டுப் போனாலும் சொல்ல மாட்டேன்."

"அந்தப் பேரு இங்க தேவையில்ல" என்றாள் ஆசிஃபா. எட்டு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே விழுங்கப்பட்ட மாத்திரையை அவள் கவனித்திருந்தாள்.

கதவருகே சிங்காரவேல் நின்றிருந்தான்.

"தேவைதான் மேடம். அண்ணி, அது என் ரத்தம். சுகருக்குன்னு சொன்னதாலதான் நீட்டினேன். நாலு வருசமா மாத்திர துன்னுகினு இருக்கேன். இவனுக்கே பேப்பர் வந்தப்புறந்தான் தெரியும். தெரிஞ்சும் என்னைக் காட்டிக்குடுக்கல."

உமாராணி பின்னால் நகர்ந்தாள். "எங்க வூட்ல ஒரே தட்டுல துன்னியேடா!"

ஆசிஃபா ஒரு தாளில் கிருமியை வட்டமாக வரைந்தாள். கொழுப்பால் ஆன மெல்லிய உறை. அதன்மேல் குமிழ் குமிழாக முனைகள். நடுவே கூம்பு வடிவக் கூட்டில் இரண்டு ஆர்.என்.ஏ. இழைகள்.

"இந்தக் குமிழுக்கு ரத்த வெள்ளையணு மேல இருக்கற சிடி4-ங்கிற பிடி வேணும். அதைப் பிடிச்சு, பக்கத்துல இன்னொரு பிடியையும் பிடிச்சாத்தான் உறையும் அணுவும் ஒண்ணாகி, கூடு உள்ள போகும். சாப்பாட்டுத் தட்டுல அதுக்கு எந்த வழியும் இல்ல. உள்ள போனா தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வா நகல் எடுத்து நம்ம டி.என்.ஏ.விலயே சொருகிடும். அப்புறம் நம்ம அணுவே அதுக்கு ஃபேக்டரி. இவர் முழுங்கற மாத்திரை அந்த நகலையும் சொருகலையும் தடுக்குது."

"என் ரத்தத்துல எண்ணிப் பாத்தா கிருமியே தென்படலன்னு சொன்னாங்க அண்ணி. முழுசாப் போவல, அடங்கிக் கெடக்குது."

உமாராணி படத்தையும் சிங்காரவேலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நேத்து துன்ன எட்டு இட்லியும் கிருமிக்கு ஒண்ணுகூடக் குடுக்காம நீ மட்டுந்தான் துன்னியா, பாவி" என்றாள் உமாராணி. முதலில் சின்னதுரைதான் சிரித்தான்.

"குற்றவாளி ஜெயராமன்" என்றாள் ஆசிஃபா. "சுகர்னு சொல்லி எடுத்த ரத்தத்துல கேக்காம எச்.ஐ.வி. பார்த்தது சட்டப்படி குத்தம். அதுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, ஒரு ஆலோசனையும் சொல்லாம கையில குடுத்தது அதைவிடக் குத்தம். எல்லாரும் அந்த வட்டத்தோட நின்னுட்டோம். கீழ இருந்த சர்க்கரைய முதல்ல யாருமே படிக்கல."

காலை 10.20. நால்வரின் கையெழுத்தோடு புகார் போனது.

விசாரணையில் ஜெயராமனின் வேலை போனது, வழக்கும் நடந்தது. முகாமின் எச்.ஐ.வி. பட்டியல் அழிக்கப்பட்டது. சின்னதுரை சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கினான். சர்க்கரையோடேதான் பர்மனன்ட் ஆனான். உமாராணிக்குப் பெண் குழந்தை. சிங்காரவேல் அதே ஷிப்டில் இருக்கிறான், காலை எட்டு மணிக்கு மாத்திரையை மறைக்காமல் விழுங்குகிறான். ஆசிஃபா அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். எந்த அறிக்கை வந்தாலும் கடைசி வரியிலிருந்து படிக்கிறாள்.