துடுப்பு இல்லாமல் பிசைந்த மாவு

துடுப்பு பாத்திரக் கூடையில் கிடந்தது. கழுவிக் கவிழ்த்த டம்ளர்களுக்கு நடுவே, விரல் நீளக் கறுப்புத் துண்டு. ரொட்டி மெஷினுக்குள் அடியில் மாட்டினால் சுற்றிச் சுற்றி மாவைப் பிசைவது அதுதான். சித்தி அதை மாட்ட மறந்துவிட்டு, தண்ணீர், எண்ணெய், உப்பு, சர்க்கரை, மாவு, மாவின் மேல் குழி பறித்து ஈஸ்ட் என்று எல்லாவற்றையும் போட்டு மூடி, பொத்தானையும் அழுத்தியிருந்தாள். அவள் மறதி வீட்டில் எல்லாரும் அறிந்ததுதான். மறதி கிடக்கட்டும், மெஷின் பிசைந்துகொண்டிருந்தது.

அக்கா செத்த பிறகு, அக்கா மகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள் அவள். குழந்தை எதையும் வாயில் வைப்பதில்லை. இந்த ரொட்டி மட்டும் விதிவிலக்கு. ரொட்டியைக் கவிழ்த்தால் துடுப்பு அதன் வயிற்றுக்குள் சிக்கியிருக்கும். விரலை விட்டுத் தோண்டி எடுப்பது அம்மாவும் மகளும் ஆடிய ஆட்டம். அந்த ஆசைக்காகக் குழந்தை இரண்டு வாய் தின்பாள். இன்னும் இளைத்தால் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்த மெஷினைத் தூக்கி எறியவும் சித்திக்கு மனம் வரவில்லை.

வானம் மழைக்கு மூடிய மத்தியானம், சமையலறையில் ஈஸ்ட்டின் புளிப்பு வாடை ஈரத் துணியைப் போல மூக்கில் ஒட்ட, குழாய்ச் சொட்டுக்கும் ஜன்னல் நடுக்கத்துக்கும் இடையில் அந்தச் சத்தம் வந்தது. மோட்டாரின் இரைச்சல் இல்லை, உள்ளங்கை மாவில் அறைகிற சத்தம். தப். தப். பிறகு ஒரு உருட்டு.

"அம்மா கையால இப்படித்தான் பிசைவாங்க," என்றாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த குழந்தை.

உண்மைதான். நோயில் கை ஓய்ந்த பிறகுதான் அக்கா மெஷின் வாங்கினாள்.

சித்தி மூடியைத் திறந்தாள். சத்தம் நின்றது. வழவழவென்று உருண்ட மாவு. அதன் மேல் ஐந்து விரல் பள்ளங்கள், மெதுவாக மேலெழுந்து நிரம்பிக்கொண்டிருந்தன. படாரென்று மூடினாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

தப். தப்.

குழந்தையை அள்ளிக்கொண்டு முன்னறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினாள். கடைசி நாளில் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது நினைவுக்கு வந்தது: "அவளை விட்டுட்டு எப்படிடி இருப்பேன்?" நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாகப் போ என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

இருட்டும் நேரம் கதவிடுக்கில் வாசனை வந்தது. கரண்ட் இல்லாமல் வெந்த ரொட்டியின் வாசனை. பொன்னிறமாய்ச் சிவக்கும் மேலோட்டின் வாசனை. பாழாய்ப்போன வாசனை, அவளுக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

"பசிக்குது சித்தி."

இத்தனை நாளாய் அவள் ஏங்கிக் கிடந்த வார்த்தை. பிடி தளர்ந்தது. ஒரு கணம்தான். குழந்தை கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டது.

இவள் போய்ச் சேர்வதற்குள் ரொட்டி மேசையில் கவிழ்ந்திருந்தது. அடியில் ஓட்டை. வழக்கத்தைவிடப் பெரிது.

"கை வைக்காதடா கண்ணு."

வைத்தாகிவிட்டது. குழந்தை தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே துழாவியது.

"துடுப்பு இல்ல சித்தி. கை இருக்கு."

மணிக்கட்டு வரை போனது. பிறகு முழங்கை. ஒரு சாண் ரொட்டி அது. சித்தி தோளைப் பிடித்து இழுத்தாள். உள்ளிருந்தும் இழுத்தது.

ரொட்டியின் மறுபக்கம் முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. மேசைக்கு அடியிலும் ஒன்றும் இல்லை.

குழந்தையின் சிரிப்பு நின்றது.

"அம்மா விட மாட்டேங்கறாங்க."

தோள் வரை.

அப்புறம், ரொட்டிக்குள், மறுபடியும் ஆரம்பித்தது. தப். தப். ஒரு உருட்டு.