கூச்சத்திரை

மலை உச்சியில் நின்ற அந்தப் பெண்சிலையின் வலது கையில் இருந்த வாள் மட்டும்தான் மாரிச்செல்விக்குத் தெரிந்தது. இடது கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டு மிதந்துகொண்டிருந்தது.

"இந்தக் கையில் என்ன இருக்கிறது?" என்று பக்கத்தில் நின்ற தமுனாவைக் கேட்டாள். தமுனா அவளோடு மருத்துவம் படிக்கும் உள்ளூர்ப் பெண்.

"மதுக் கிண்ணம். நண்பராக வந்தால் கிண்ணம், பகைவராக வந்தால் வாள். எங்கள் திபிலிசி நகரத்தின் குணமே அதுதான். உனக்குத் தெரியவில்லையா?"

செல்வி பதில் சொல்வதற்குள் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒலிமணியில் பெரியப்பா குருசாமியின் குரல் முழங்கியது. "ஏ தாயி, நல்லா அண்ணாந்து பாரு. கையில வாளு! பொம்பளைன்னா இப்படில்லா இருக்கணும். அந்தக் கையில என்னமோ அசிங்கமா வச்சிருந்தா. நல்லவேளை, திரை மறைச்சிருச்சு."

"அது வெறும் கிண்ணம் பெரியப்பா."

"கிண்ணத்துல என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்? கழுத்து வலிக்கி, கொஞ்சம் கீழ எறங்கிப் பாரு."

அண்ணாந்தது அவள் கழுத்து. வலித்தது கோவில்பட்டியில் சாய்வு நாற்காலியில் கிடந்த பெரியப்பாவுக்கு!

உடன்விழி வந்த பிறகு அந்த ஊரில் யாரும் தனியாக வெளிநாடு போவதில்லை. போகிற பிள்ளையின் இரண்டு கருவிழியிலும் வெங்காயச் சருகு போலப் படலம் ஒட்டிவிடுவார்கள். அது பார்ப்பதை எல்லாம் வீட்டில் இருப்பவர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கலாம், கேட்கலாம், 'இடது பக்கம் திரும்பு' என்று உத்தரவும் போடலாம். ஒரு டிக்கெட்டில் குடும்பமே ஊர் சுற்றலாம். செல்வி வீட்டில் பதினோரு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா இல்லாத பெண். கல்லூரிக் கட்டணத்தைப் பெரியப்பா கட்டினார், அதனால் அவள் கண்ணும் அவருடையது என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம்.

அதோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். கூச்சத்திரையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

டி.வி.யில் முத்தக் காட்சி வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? அப்பா ரிமோட்டைத் தேடுவார். அம்மா அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போவாள். பிள்ளைகள் சுவரில் பல்லியைத் தேடும். இந்தப் பழக்கத்தைத்தான் ஒரு கம்பெனி இயந்திரமாக்கி விற்றது. வீட்டுக் கண்ணாடிகள் மாட்டியிருப்பவர்களின் முகச்சுளிப்பை அளக்கும். கூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் எதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்களோ, அது சாம்பலாகிவிடும். ஒருமுறை சாம்பலானது பிறகு எப்போதும் சாம்பல்தான். வீட்டுக் கண்ணாடிகளில் மட்டுமல்ல, பிள்ளையின் படலத்திலும். நாம் பார்க்கக் கூசுவதைப் பிள்ளை மட்டும் பார்க்கலாமா? 'குடும்பத்தோடு பார்க்கத் தகுந்த வெளிநாடு' என்று விளம்பரம் செய்தார்கள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

ஆகவே செல்வி பார்த்த திபிலிசியில் கந்தக வெந்நீர்க் குளியல் தெரு கிடையாது. அத்தைக்கு அது பிடிக்கவில்லை. ஆற்றங்கரை பெஞ்சுகளில் சாம்பல் மூட்டைகள் இரண்டிரண்டாக உட்கார்ந்திருக்கும். மதுவுக்குத் திராட்சை வளர்க்கும் தோட்டத்துக்குச் சுற்றுலா போனபோது மலையடிவாரமே காணாமல் போயிற்று. கோவில்பட்டியிலோ பெரியப்பா கடைத்தெருவில் நின்று பெருமை அடித்துக்கொண்டார்: "அந்த ஊருல குடிக்கிறவனே கெடையாது. ஆணும் பொண்ணும் தொட்டுப் பேசிப் பாத்ததில்ல. நம்ம ஊருதான் கெட்டுப் போச்சு."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இங்கே பெரியப்பா மூடியது செல்வியின் கண்ணை.

தமுனாவின் பிறந்தநாள் வந்தது. ஆற்றங்கரையில் பழைய பாலத்துக்குக் கீழே ஒரு நிலவறை நடனக்கூடம், அங்கே கொண்டாட்டம். செல்விக்குக் குடியில் ஆசையில்லை. ஆட வேண்டும், அவ்வளவுதான். பள்ளி ஆண்டு விழாவில் ஆடியதற்குப் பிறகு அவள் கால்கள் தாளத்துக்கு அசைந்ததே இல்லை.

"பொறந்தநாளா? சரி, கேக்கு வெட்டுனதும் வந்துரணும்" என்றார் பெரியப்பா. கேக் நிலவறையில் வெட்டப்படும் என்பதை அவள் சொல்லவில்லை.

படியிறங்கும்போதே ஆரம்பித்துவிட்டது. முதலில் மேசைகளில் இருந்த கோப்பைகள் போயின. பிறகு தோள்கள், முதுகுகள். ஒட்டி நின்ற ஜோடிகள். கையில்லாத கறுப்புச் சட்டையில் ஓடிவந்து கட்டிக்கொண்ட தமுனா, கட்டிக்கொண்டிருக்கும்போதே சாம்பலாகிப் போனாள்.

"யாருட்டி அது, துணியே போடாம?" என்றாள் பெரியம்மை.

"என் சிநேகிதி பெரியம்மை. துணி போட்டுத்தான் இருக்கா."

கொஞ்ச நேரத்தில் கூடம் முழுவதும் அடுப்புச் சாம்பலைக் கொட்டியது மாதிரி ஆயிற்று. மிச்சமிருந்தது இசை. சத்தத்துக்குத் திரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. முரசு உள்ளங்காலில் ஏறி முதுகுத்தண்டில் அதிர்ந்தது. செல்வி கண்களை மூடிக்கொண்டாள். வெளிநாட்டுக்கு வந்து முதன்முறையாக யாருக்கும் காட்டாமல் இருந்தாள். ஆடினாள். ஒரு முழுப் பாட்டுக்கும் வியர்க்க வியர்க்க ஆடினாள்.

"கரண்டு போச்சா?" என்று கோவில்பட்டியில் யாரோ கேட்டார்கள்.

அப்போதுதான் அந்தக் கை அவள் இடுப்பில் விழுந்தது.

கண்ணைத் திறந்தாள். எதிரில் சாம்பல். கை நகர்ந்து சட்டைக்குள் நுழையப் பார்த்தது. தட்டிவிட்டாள். சாம்பல் சிரித்தது, அதன் மூச்சில் சாராய நெடி. வேறொரு பக்கமிருந்து பிடித்து இழுத்தது, தோள் தையல் கிழிந்தது.

"பெரியப்பா, திரைய எடுங்க! யாரோ மேல கைய வைக்கான்! எனக்கு ஆளே தெரியல!"

பதினோரு பேரும் பதறினார்கள். பதறிய முகங்கள் கோணின. பயத்தில் கோணிய முகத்துக்கும் அருவருப்பில் கோணிய முகத்துக்கும் வித்தியாசம் தெரியாத இயந்திரம் அவர்கள் பார்த்ததை எல்லாம் மூடத் தொடங்கியது. வாசல் மறைந்தது, படிக்கட்டு மறைந்தது, வெளியே போகும் வழியைக் காட்டிய பச்சை விளக்கும் மறைந்தது.

"அந்த மாதிரி எடத்துக்கு எதுக்குட்டி போன?" என்று பெரியப்பா கத்தினார்.

"மொதல்ல மூஞ்சியச் சுளிக்காம இருங்க! எனக்கு வாசல் தெரியல!"

அதற்குள் இன்னொரு கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்து இழுத்தது. அவ்வளவுதான். இத்தனை மாசமாக அடக்கி வைத்திருந்த கோபத்தை எல்லாம் முஷ்டியில் திரட்டி, கை வந்த திசையில் ஓங்கிக் குத்தினாள். எலும்பில் பட்டது. ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும்.

நகம் கண்ணில் கீறுவதைப் பொருட்படுத்தாமல் இரண்டு கண்ணிலிருந்தும் படலத்தைப் பிய்த்தெடுத்தாள். உலகம் சிவப்பும் நீலமுமாகத் திரும்பி வந்தது. தமுனா தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. அவள்தான் அந்த ஆளிடமிருந்து செல்வியை இழுத்துக் காப்பாற்றப் பார்த்தவள். அந்த ஆள் போயே போய்விட்டான்.

காவலாளி வந்து கேட்டான், "ஆள் எப்படி இருந்தான்?"

"சாம்பல் நிறத்தில் இருந்தான்" என்றாள் செல்வி. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பு வந்தது.

படலம் எடுத்திருந்த பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் சாம்பல்தான் சிரித்தது. கண்ணாடி மாட்டிய பதினோரு சாட்சிகள் இருந்தும் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தமுனா உதட்டில் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு சொன்னாள், "நண்பராகத்தானே வந்தேன். எனக்கும் வாள்தானா?" விளையாட்டாகத்தான் சொன்னாள். செல்வி அவள் மடியில் முகம் புதைத்து அழுதாள்.

விடுதிக்குத் திரும்பியதும் படலத்தைக் கழுவி மறுபடி கண்ணில் ஒட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றாள். அவர்கள் அவளைப் பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தாள். தோளில் கிழிந்த சட்டை, வழிந்த கண்மை, வீங்கிய விரல்கள்.

"அடிகிடி பட்டிருச்சாட்டி?" என்று அம்மா ராஜகனி மெல்லக் கேட்டாள்.

"நீ சும்மா இரு ராஜகனி" என்றார் பெரியப்பா. "கோலத்தப் பாரு. குடும்ப மானம் காத்துல பறக்குது. நாங்க இத்தன பேரு கூட இருந்தே இந்த லட்சணம்."

"கூட இருந்தீங்களா? நீங்க கூட இல்லன்னா அவன் மூஞ்சி எனக்குத் தெரிஞ்சிருக்கும். வாசல் தெரிஞ்சிருக்கும். என்னக் காப்பாத்த வந்தவ பல்ல ஒடச்சிருக்க மாட்டேன். பாதுகாப்பு, பாதுகாப்புன்னு சொல்லி உள்ளதும் போச்சுடா நொள்ளக்கண்ணான்னு ஆயிருச்சு!"

"வாய மூடு! பெரியவங்கள எதுத்தா பேசுத?"

வீடே அவளைப் பார்த்து முகம் சுளித்தது. நிலைக்கண்ணாடியில் முதலில் கிழிந்த தோள் போனது, பிறகு கழுத்து, பிறகு முகம். செல்வி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கைக்குத் தட்டுப்பட்டது. கண்ணுக்கு இல்லை.

"இப்ப என்ன தெரியுது பெரியப்பா?"

"ஒண்ணும் தெரியல."

"அது நாந்தான்" என்றாள். விடிந்ததும் பாலத்தின் மேலிருந்து படலத்தை ஆற்றில் எறிந்தாள்.

கட்டணம் நின்றது. பெரியப்பா பேசுவதை நிறுத்தினார். தமுனாவின் அம்மா தன் ரொட்டிக் கடையில் செல்விக்கு வேலை கொடுத்தாள். உடைந்த பல்லுக்கு அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. செல்வி ரொட்டி சுட்டுப் படித்தாள். கந்தகக் குளத்தில் குளித்தாள். சிலையின் இடது கையில் இருந்த கிண்ணத்தை ஒருநாள் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள்.

கோவில்பட்டியில் கதை வேறு மாதிரிப் போயிற்று. செல்வியின் கண் போனாலும் கண்ணாடிகளும் திரையும் மிச்சமிருந்தன. கண்ணாடி இப்போது எதிரில் இருப்பதைத் திரை போட்டுக் காட்டியது. கடைத்தெருவுக்கு மாட்டிக்கொண்டு போன பெரியப்பா அசந்துவிட்டார். மதுக்கடை வரிசை சாம்பல், பஸ் ஸ்டாண்டு ஜோடிகள் சாம்பல். ஊர் துடைத்து வைத்தது போலாகிவிட்டது! அதற்குப் பிறகு வீட்டில் யாரும் கண்ணாடியைக் கழற்றவில்லை. சாம்பல் திட்டு எதிரில் வந்தால் சாக்கடையைத் தாண்டுவது போல ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டார்கள்.

இரண்டாம் வருஷ விடுமுறைக்கு செல்வி ஊருக்கு வந்தாள். மதுரை விமான நிலையத்தில் குடும்பமே கண்ணாடியோடு காத்திருந்தது. பெரியப்பாவின் கையில் ஒரு சின்னப் பெட்டி, உள்ளே புதுப் படலம். போனது போகட்டும், இதை ஒட்டிக்கொண்டால் கட்டணம் உண்டு, இல்லையென்றால் திரும்பிப் போகக் கூடாது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

செல்வி நேராக வந்து அவர் முன்னால் நின்றாள். ஒட்ட வெட்டிய முடி, கையில்லாத சட்டை, தோளில் பை. சண்டைக்குத் தயாராக, வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகளோடு வாயைத் திறந்தாள்.

பெரியப்பா ஒரு அடி ஒதுங்கி அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "எல்லாரும் வந்துட்டாங்க. இவள எங்க காணோம்?"

செல்விக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பேசாமல் நடந்து வெளியே போய்விடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அம்மா கடைசியில் நின்று, வந்துபோகும் ஒவ்வொரு சாம்பலையும் விடாமல் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாகக் கண்ணாடியின் காம்புக்குப் போவதும் வருவதுமாக இருந்தது.

"கழட்டிராத ராஜகனி" என்றார் பெரியப்பா. "என்னென்ன கோலத்துல வருதுகளோ."

செல்வி எட்டி அம்மாவின் கண்ணாடியைப் பிடுங்கினாள்.

ராஜகனி வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். மகளின் தலையைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். "என்னட்டி கோலம் இது? முடிய எங்க?"

"சுளிம்மா. இன்னும் நல்லாச் சுளி."

ராஜகனி சுளித்தாள். மகள் அங்கேயேதான் நின்றாள், குத்துக்கல் மாதிரி. சுளித்த முகம் கொஞ்ச நேரத்தில் தானாகவே தளர்ந்துவிட்டது.

"சாப்பிட்டியாட்டி?" என்றாள்.

"ஏ ராஜகனி, யார்ட்ட பேசுத? கண்ணாடிய எதுக்குக் கழட்டுன?" என்று பெரியப்பா அதட்டினார். கூட நின்றவர்களும் திரும்பி அவளைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ராஜகனி நின்ற இடத்தில் சாம்பல் பூத்தது.

"ராஜகனி? எங்க போனா? இப்ப இங்கன நின்னாளே!"

"எல்லாம் உங்களாலதான்" என்று பெரியம்மை பெரியப்பாவைப் பார்த்துச் சீறினாள். "ஒத்தப் பொம்பளப் பிள்ளைய மெரட்டி மெரட்டியே வீட்ட ரெண்டாக்கிட்டீய." அத்தை ஆமாம் போட்டாள். இத்தனை நாள் வாயைத் திறக்காதவர்களும் அவரை முறைத்தார்கள்.

பெரியப்பா தன் பக்க நியாயத்தைச் சொல்லக் கையை நீட்டினார். நீட்டிய கை தெரியவில்லை. குனிந்தார். வேட்டியும் தெரியவில்லை, செருப்பும் தெரியவில்லை. பெட்டி மட்டும் சாம்பலின் மேல் தனியாக மிதந்தது.

"கண்ணாடியக் கழட்டுங்க பெரியப்பா" என்று எங்கிருந்தோ செல்வியின் குரல் கேட்டது.

கழற்றினால் என்னவெல்லாம் தெரியுமோ! குருசாமி கண்ணாடியை இரண்டு கையாலும் முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். செல்வி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே பஸ் ஏறப் போனாள்.