தம்பியின் தூக்கம்

காலை வெயில் கட்டிலில் விழுந்ததும் அவர் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து தினமும் அவளுக்கு முன்னால் எழுந்து வாசல் விளக்கை அணைக்கிற மனிதர், இந்த வாரம் முழுக்க விடிகிற நேரத்தில்தான் கண்ணயர்ந்தார்.

"காலையில வெளிச்சம், ராத்திரி இருட்டு. இதுல மட்டும் தவறக் கூடாதும்மா" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "எலும்பு மஜ்ஜைக்கும் பொழுது தெரியும். புதுசா ஏத்தினது அவர் உடம்போட நேரத்துக்குப் பழகணும்."

ரத்தப் புற்றுநோய்க்காக அவருக்கு ஏற்றியது அவருடைய தம்பியின் மஜ்ஜை. தம்பி ஒரு குளிர்பதனக் கிடங்கில் பல வருடமாக இரவுக் காவல் பார்ப்பவன். அண்ணன் வீடு திரும்பியதும் ஒத்தாசைக்கென்று இங்கேயே வந்து தங்கி, ராத்திரி வேலைக்குப் போய்வந்து, பகலெல்லாம் பக்கத்து அறையில் படுத்துக் கிடந்தான்.

அவள் முகக்கவசங்களை அலசிப் பிழிந்தாள், தரையை மருந்துத் தண்ணீரால் துடைத்தாள், மாத்திரைகளைப் பிரித்து வைத்தாள், இன்றைக்கு என்ன கிழமை என்று யோசிக்க ஆரம்பித்துப் பாதியிலேயே விட்டுவிட்டாள். கிருமிநாசினி நெடிக்கும் ஃபிரிட்ஜின் முனகலுக்கும் நடுவே, கூடத்துச் சுவரில் சாய்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடியபோதுதான் அது காதில் பட்டது: ஒரு அறையில் அவர் மூச்சு, மற்ற அறையில் தம்பியின் மூச்சு, இரண்டும் ஒன்றாக ஏறி, ஒன்றாக நின்று, ஒன்றாக இறங்கின.

எல்லாம் அலுப்பு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மதிய மாத்திரைக்காக அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் அசையவில்லை. தம்பிதான் திடுக்கிட்டு எழுந்து வந்து அறை வாசலில் நின்றான். தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எழுப்பினீங்களா அண்ணி?"

"உன்னை இல்லப்பா. போய்த் தூங்கு."

"எங்க தூங்கறது! கண்ணை மூடினா போதும், என் தூக்கத்தை யாரோ உறிஞ்சிக்கற மாதிரி இருக்கு." சிரிக்கப் பார்த்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கட்டிலில் கிடந்தவரின் கன்னமோ நாளுக்கு நாள் பூசினாற்போல் நிறைந்து வந்தது.

"கொஞ்ச நாள் உன் வீட்டுக்குப் போயிடேன்ப்பா."

"அண்ணனை இப்படி விட்டுட்டா? நல்லாச் சொன்னீங்க."

அவள் வற்புறுத்தவில்லை. அதற்குமேல் பயப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

சாயங்காலம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு வீட்டில் ஏதோ குறைவது போலிருந்தது. குழாயை மூடினாள். ஃபிரிட்ஜும் முனகி ஓய்ந்தது. மூச்சு கேட்டது.

ஒரே மூச்சு.

தம்பியின் அறைக்கு ஓடினாள். மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

"என்னங்க! இங்க ஓடி வாங்களேன்!"

கத்திக்கொண்டே திரும்பினாள். அவர் ஏற்கெனவே நடையில் நின்றிருந்தார். யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. உடம்பில் தம்பியின் காவல் சட்டை. கழுத்துவரை பொத்தான். அளவெடுத்துத் தைத்தது போல.

குனிந்து தம்பியின் ஷூவுக்குள் காலை நுழைத்தார். நாடாவை இறுக்கினார். அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"ஷிப்டுக்கு நேரமாச்சு. கதவைத் தாழ் போட்டுக்கங்க, அண்ணி."