சும்மா சாய்த்த கொடி

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்கா மைதானத்தில் பழைய கார்களின் கண்காட்சி. குர்லாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பேச்சிராஜா தன் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சியைக் காலை எட்டு மணிக்கெல்லாம் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். கூடவே அவன் மனைவி விஜயராணி, ஒரு தூக்குவாளி இட்லியோடு. வீடு இருக்கிற தாராவியிலிருந்து வருகிற வழியில் வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை.

அவனுக்கு அன்று வேண்டியது ஒரே ஒரு கடிதம். பதினோரு மணிக்குக் கார்களெல்லாம் வரிசையாகச் செம்பூர் வரை போய்த் திரும்பும். வரிசை குலையாமல், சொந்த இன்ஜினில் போய்த் திரும்புகிற வண்டிக்குத்தான் கிளப் சிபாரிசுக் கடிதம் தரும். அது இருந்தால் பழங்கால வண்டி என்று பதிவுக்கு எழுதிப்போடலாம். இல்லையென்றால் திங்கள்கிழமை பத்மினி காயலான் கடைக்குப் போகவேண்டியதுதான். வண்டியை எடுக்கச் சொல்லிக் குடியிருப்புச் சங்கத்தார் மூன்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை முழுதாகத் தின்ற வண்டி அது.

ஒன்பது மணி வாக்கில் ஒரு போட்டோக்காரர் வந்தார். பானெட்டின் இடப்பக்கம் துருத்திக்கொண்டிருந்த பழைய இரும்பு மீட்டரைப் பார்த்ததும் அவருக்குக் குஷி வந்துவிட்டது. அந்த மீட்டரில் சின்னதாக ஒரு தகரக் கொடி உண்டு. நிமிர்ந்திருந்தால் டாக்சி காலி. சாய்த்தால் ஆள் ஏறியாயிற்று. கொடியைச் சாய்த்தால் படம் நன்றாக இருக்கும் என்றார் அவர்.

பேச்சிராஜா சாய்த்தான். ‘டிங்’ என்று உள்ளே மணி அடித்தது.

வண்டியின் பின்பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்தது.

ஸ்பிரிங் போச்சு என்று பதறிக் குனிந்து பார்த்தான். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தான். கார்பரேட்டரைத் திறந்து ஊதினான். புது பேட்டரி கர்கர் என்று சுற்றியதே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. பக்கத்தில் அவனைவிட வயதான ஒரு மோரிஸ் கார் சாவியைத் திருப்பியதும் சிரித்துக்கொண்டு கிளம்பியது. பேச்சிராஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடியையாவது நிமிர்த்தலாம் என்று போனான். அது அசையவில்லை. அந்தப் பக்கம் ஒரு கை பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

“ராஜா பாய், தஸ் மினிட்” என்று கிளப் செயலாளர் சைஃப் மைக்கில் அதட்டினார். கிளம்ப இன்னும் பத்தே நிமிஷம்.

“முதல்ல ரெண்டு இட்லி தின்னுங்க. பசியோட சண்டை போட்டா வண்டி கேக்குமா?” என்றாள் விஜயராணி.

“சும்மா இரிளா” என்று அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டு, வண்டியை விற்ற வானமாமலைக்குப் போன் போட்டான். முப்பது வருஷம் இதே டாக்சியை ஓட்டிவிட்டு இப்போது நெருளில் மகன் வீட்டில் இருக்கிறவர்.

“அண்ணாச்சி, நல்ல வண்டியத்தான் என் தலையில கட்டியிருக்கீய. பெட்ரோல் வருது, கரண்ட் வருது, ஆனா பத்தமாட்டேங்கு.”

மறுமுனையில் வானமாமலை டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

“மீட்டர் கொடி சாஞ்சிருக்கால?”

“ஆமா. போட்டோ எடுக்கச் சாச்சேன்.”

“ஆள் இல்லாம சும்மா சாச்சியா? அப்ப அவ ஏறிட்டா.”

“யாரு?”

“நம்ம தென்காசிப் பக்கத்துப் பொம்பள. ஒரு மழைக்கு, ஆஸ்பத்திரி போணும்னு ஏறுனா. தண்ணியில வண்டி நின்னுட்டு. பின்சீட்லயே உசிரு போயிட்டு. அதுக்குப் பொறவு ஆள் இல்லாம கொடியச் சாச்சதே இல்ல நான்.”

“இத விக்கும்போது சொன்னா என்ன அண்ணாச்சி?”

“சொன்னா நீ வாங்குவியால?” என்றார் வானமாமலை. பிறகு குரலைத் தாழ்த்தினார். “எங்க போணும்னு கேளு. கொண்டுபோயி விடு. எறங்கும்போது மட்டும் வாயத் தொறந்துராத. ஒத்த வார்த்தை பேசப்பிடாது.”

மனைவியை மைதானத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு, விஷயத்தைச் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியில் பின்சீட் காலியாகத் தெரிந்தது. அவமானமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

“எங்க போணும்?” என்றான் மெல்ல.

பிடரியில் குளிர்ந்த காற்று பட்டது.

“ஆஸ்பத்திரி.”

சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

வரிசை நகர்ந்தது. நடைபாதையில் ஜனங்கள் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே சுள்ளென்று வெயில். வண்டிக்குள் நனைந்த சேலை வாடை. அடைத்துப்போன சாக்கடைத் தண்ணீரின் வாடையும் சேர்ந்து வந்தது. பின்னால் ரெக்சின் சீட் கிரீச்சென்றது. சொட்டு, சொட்டு என்று எங்கோ நீர் விழுந்துகொண்டிருந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் வாசல் வந்தது. நிறுத்தினால் வரிசை குலையும், கடிதம் போகும். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவனுக்குத் தைரியம் இல்லை. நல்லவேளை, சிக்னல் விழுந்து முன்னால் போன கார்களெல்லாம் நின்றன. பத்மினி சரியாக வாசலுக்கு நேரே நின்றது.

பின்கதவு திறந்தது.

வண்டியின் பின்பக்கம் ஓர் அங்குலம் எழும்பியது. கதவு தானே சாத்திக்கொண்டது. ‘டிங்’ என்று கொடி நிமிர்ந்தது.

பேச்சிராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த கோபம், பயம், எரிச்சல் எல்லாம் ஒரு பெருமூச்சாக வெளியேறியது. அந்த மூச்சோடு சேர்ந்து, ஒர்க்‌ஷாப்பில் வண்டி எடுக்கிறவர்களிடமெல்லாம் இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன வார்த்தையும் வெளியே வந்தது. குர்லாவின் மராட்டிக்காரர்கள்கூட அவனிடம் கேட்டுப் படித்துக்கொண்ட வார்த்தைதான் அது.

சிக்னல் பச்சையானது. செம்பூர் போய்த் திரும்பும்வரை வண்டி பட்டாக ஓடியது. சைஃப் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தைக் கொடுத்துத் தோளில் தட்டினார்.

சாயங்காலம் தாராவிக் குடியிருப்பின் வாசலில் வண்டியை நிறுத்தி உறை போட்டுவிட்டு மாடிக்கு வந்தான். அப்போதுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். கடிதம் கையில் இருந்ததால் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது.

விஜயராணி சிரிக்கவில்லை.

“அவ எறங்கும்போது நீங்க ஒண்ணும் பேசலல்ல?”

“பெருசா ஒண்ணும் பேசல. வாய் தவறி, போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எழவு வீட்டுல இருந்து கெளம்பும்போதே போயிட்டு வாறேன்னு சொல்லமாட்டோம். செத்துப்போனவகிட்டயே வாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கீயளே.”

கீழே ‘டிங்’ என்று மணி அடித்தது.

பேச்சிராஜா கடிதத்தோடு படி இறங்கி ஓடினான். உறை விலகிக் கிடந்தது. மீட்டரின் கொடி சாய்ந்திருந்தது. வண்டியின் பின்பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து, வீடு வந்து சேர்ந்தவளின் நிம்மதியோடு ஒரு குரல் சொன்னது.

“போயிட்டு வந்துட்டேன்யா.”