என் பெயர் கழுதைக்குட்டி

என்னைக் "கழுதைக்குட்டி" என்று கூப்பிட்டால் எனக்குக் கோபம் வராது. சந்தோஷம்தான் வரும். ஆனால் எல்லாரும் கூப்பிட முடியாது. அம்மா மட்டும்தான் கூப்பிடலாம்.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் சுவேதினி. மன்னார் பட்டினம் முடிந்து பனைகள் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய தகரக் கொட்டகை. அதற்குள் பதினேழு கழுதைகள். வாகனத்தில் அடிபட்டவை, கால் முறிந்தவை, பொலித்தீன் தின்று வயிறு வீங்கியவை. இவற்றையெல்லாம் பார்ப்பது என் அம்மா அஞ்சலா.

அம்மாவுக்குத் துணையாக இரண்டு பேர் உண்டு. ஒருவர் றெனால்ட் மாமா. எங்கே கழுதை விழுந்து கிடந்தாலும் தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். மற்றவர் பாத்தும்மா அன்ரி. சந்தையில் மரக்கறி விற்பவர். மிஞ்சிய கீரையையும் கரட்டையும் பின்னேரம் சாக்கில் கட்டி அனுப்புவார்.

எங்கள் கொட்டகையில் ஒரு சட்டம் இருக்கிறது. யாரையும் "கழுதை" என்று ஏசக் கூடாது. ஏசினால் அன்றைக்கு விட்டை அள்ளும் வேலை அவருக்குத்தான். றெனால்ட் மாமா ஒருநாள் போனில் யாரையோ அப்படி ஏசிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஆறு வாளி அள்ளினார்.

"கழுதை எவ்வளவு பொறுமையான சீவன்! மனுசரை அப்பிடிக் கூப்பிட அவையள் குடுத்து வைச்சிருக்கோணும்" என்பார் அம்மா.

நான் அப்படிக் கொடுத்துவைத்தவள். காலையில் சீப்பால் தலை இழுக்கும்போது, "ஆடாமல் இரு, என்ர கழுதைக்குட்டி" என்பார். காய்ச்சல் வந்தால், "என்ர கழுதைக்குட்டிக்கு என்ன செய்யுது?" என்பார். கிருசாந்தினி வரும்வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

கிருசாந்தினியின் வீட்டார் கட்டுக்கரைப் பக்கமிருந்து இந்த வருடம்தான் எங்கள் பக்கம் வந்தார்கள். அவளுடைய அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. ஒருநாள் காலை, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் அவள் ஒரு குட்டிக் கழுதையைக் கண்டாள். பிறந்து இரண்டு நாள்கூட இராது. தாய்க் கழுதை லொறியில் அடிபட்டு வரம்போரம் செத்துக் கிடந்தது. குட்டி அதன் பக்கத்திலேயே நின்றது. கிருசாந்தினி ஓடிவந்து எங்களிடம் சொன்னாள். றெனால்ட் மாமா போய்க் குட்டியை ஏற்றிவந்தார்.

எங்கள் கொட்டகையில் முதலில் கண்டவர்தான் பெயர் வைக்க வேண்டும்.

"உப்பு" என்றாள் கிருசாந்தினி.

"உப்போ? அதெல்லாம் ஒரு பேரே?" என்றேன் நான்.

"நல்ல பேர்" என்றார் அம்மா. எனக்கு முதல் எரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

பிறகு எரிச்சலுக்குக் குறைவே இல்லை. உப்பு யார் கையிலும் பால் குடிக்கவில்லை. அம்மா போத்தலை நீட்டினால் முகத்தைத் திருப்பியது. நான் நீட்டினால் தும்மியது. கிருசாந்தினி நீட்டினால் மட்டும் சப்புச் சப்பென்று போத்தல் முழுவதையும் குடித்துவிட்டு, இன்னும் தா என்று அவளை முட்டியது.

"பாத்தியே, அவளின்ர கைராசி!" என்று அம்மா பாத்தும்மா அன்ரியிடம் சொன்னார். அன்ரி சந்தையில் எல்லாரிடமும் சொன்னார். நான் எட்டுக் கழுதைகளுக்குப் பெயர் வைத்தவள். என் கைராசியைப் பற்றி யாராவது பேசினார்களா?

அவள் வரும்போதெல்லாம் முழங்கால்வரை தொங்கும் ஒரு பழைய ஆம்பிளைச் சேட்டைத் தன் சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டு வருவாள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'பெரிய டொக்டர் எண்ட நினைப்பு' என்று மனதுக்குள் முணுமுணுப்பேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் அது நடந்தது. உப்பு முட்டிய முட்டில் கிருசாந்தினியின் கையிலிருந்த பால் போத்தல் விழுந்து, பால் முழுவதும் மண்ணில் கொட்டிவிட்டது. அவள் திகைத்துப்போய் நின்றாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே அவளுடைய தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"அட, என்ர கழுதைக்குட்டி!"

எனக்கு நெஞ்சில் யாரோ குத்தியதுபோல் இருந்தது. என் பெயர்! என் பெயரை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டார்!

அம்மா வேறு பால் கரைக்க உள்ளே போய்விட்டார். நான் கிருசாந்தினியைப் பார்த்தேன். அவளுடைய கண் நிறைந்திருந்தது, உதடு துடித்தது. படலையைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அம்மா ஏசிவிட்டார் என்று நினைத்துவிட்டாள்! எங்கள் சட்டம் அவளுக்குத் தெரியாது. பால் கொட்டிய நேரத்தில் "கழுதை" என்றால் வேறென்ன நினைப்பாள்? ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் போகவில்லை. போகட்டும் என்று நின்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கு நல்ல சந்தோஷமாகவும் இருந்தது.

சனிக்கிழமை அவள் வரவில்லை. உப்பு குடிக்கவில்லை. அம்மா கரண்டியால் ஊற்றிப் பார்த்தார். பாதிக்குமேல் வெளியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது உப்பு எழும்பவில்லை. கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. அம்மா மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தார். பேசிவிட்டு வைத்தபோது அம்மாவின் முகம் வாடியிருந்தது.

"பின்னேரத்துக்குள்ள ஒழுங்காப் பால் குடிக்காட்டில் குட்டி தப்பாதாம். கிருசா ஏன் வரேல்லை? உனக்கு ஏதும் தெரியுமே?"

"தெரியாது" என்றேன். பூசை முடிந்து வந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு பொய்.

"அவையிட்டப் போனும் இல்லை. றெனால்ட் வேற சிலாவத்துறைக்குப் போட்டான். நான் இதை விட்டிட்டு எப்பிடிப் போறது?"

அம்மா மறுபடி கரண்டியை எடுத்தார். உப்பு வாயைத் திறக்கவே இல்லை. படலைப் பக்கம் மட்டும் காதைத் திருப்பித் திருப்பி வைத்தது. அது யாரைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் காதைப் பார்க்கப் பார்க்க என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

"அம்மா, நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்!"

சைக்கிளை மிதித்த மிதியில் செருப்பு ஒன்று வழியில் கழன்று விழுந்தது. நான் நிற்கவில்லை.

கிருசாந்தினி வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள்.

"உப்பு பால் குடிக்குதில்லை. எழும்பவும் இல்லை" என்றேன் மூச்சு வாங்க.

கையிலிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு தயங்கினாள்.

"ஆன்ட்டி என்னயக் கழுதைன்னு ஏசிட்டாங்க. பழைய ஸ்கூல்லயும் கணக்குப் பிழைச்சா அப்படித்தான் ஏசுவாங்க. நான் வேணும்னேவா பாலைக் கொட்டினேன்?"

"அது ஏச்சில்லை! அது என்ர பேர்!"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒன் பேரு சுவேதினிதானே?"

"அது பள்ளிக்கூடத்தில. வீட்டில நான் கழுதைக்குட்டி. அம்மா நல்ல விருப்பமான ஆக்களைத்தான் அப்பிடிக் கூப்பிடுவா. இவ்வளவு நாளும் என்னை மட்டும்தான் கூப்பிட்டவா. அண்டைக்கு உன்னையும் கூப்பிட்டிட்டா."

"அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?"

"பொறாமை" என்றேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். "நீ வராட்டி நல்லம் எண்டு நினைச்சனான். குறை நினைக்காத."

நிமிர்ந்து பார்த்தால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"மத்தவங்களைக் கழுதைன்னு கூப்பிட்டதுக்கு யாராச்சும் பொறாமைப்படுவாங்களா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் உள்ளே ஓடிப்போய், பாய்ச் சுருளுக்குள்ளிருந்து அந்தப் பழைய சேட்டை இழுத்தெடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அம்மா தோய்க்கக் கேட்டாங்க. குடுக்காம ஒளிச்சு வச்சேன். இது அப்பா உப்பளத்துல போடுற சட்டை. உப்பு அங்கதானே பொறந்துச்சு? இந்த வாசம் இல்லன்னா அது குடிக்காது."

அப்படியானால் டொக்டர் என்ற நினைப்பில்லை! வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தேன்.

படலை திறந்த சத்தத்துக்கே உப்புவின் காது நிமிர்ந்தது. கிருசாந்தினி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து போத்தலை நீட்டினாள். முதலில் சேட்டை முகர்ந்தது. பிறகு ஒரு வாய். பிறகு சப்புச் சப்பென்று சத்தம் கேட்டது. அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அரைப் போத்தல் முடிந்ததும் கிருசாந்தினி சேட்டைக் கழற்றி என் தலைவழியாக மாட்டிவிட்டாள்.

"இப்ப நீ குடு."

நான் போத்தலை நீட்டினேன். உப்பு என்னை முகர்ந்து பார்த்தது. தும்மவில்லை. மிச்சம் முழுவதையும் என் கையால் குடித்தது.

பிறகு நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன், பொய் சொன்னதையும் சேர்த்து. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கிருசாந்தினியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். பிறகு விட்டை அள்ளும் வாளியை எடுத்து என் கையில் கொடுத்தார். கிருசாந்தினி தானாகவே மற்ற வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்ப கிருசாவை நான் என்னெண்டு கூப்பிடுறது?" என்று அம்மா கேட்டார்.

நான் யோசித்தேன். கொஞ்சம் எரியத்தான் செய்தது.

"அதையே கூப்பிடுங்கோ. ஆனா நான்தான் முதலாவது கழுதைக்குட்டி."

மறுநாள் பின்னேரம் அம்மா குசினியிலிருந்து சத்தமாகக் கூப்பிட்டார். "கழுதைக்குட்டியள்! தேத்தண்ணி ஆறுது, வாங்கோ!"

நான் ஒரு பக்கம், கிருசாந்தினி மறுபக்கம் விழுந்தடித்து ஓடினோம்.

ஆனால் எங்கள் இரண்டு பேரையும் முந்திக்கொண்டு முதலாவதாகக் குசினிக்குள் நுழைந்தது உப்பு.