கம்பத்துச் சட்டைக்கை

தென்னை ஓலைகளெல்லாம் கிழக்கே சாய்ந்திருந்தன. கம்பத்தில் கட்டிய சட்டைக்கை மட்டும் மேற்கே நீண்டிருந்தது. மேற்கு வரப்பில்தான் ரிமோட்டும் கையுமாகக் கலைமகள் நின்றாள்.

மருந்து தெளிக்கும் ட்ரோன் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அது. கம்பத்தில் துணிக்குழாய் கட்ட வேண்டும். வாயில் காற்று புகுந்தால், வால் காற்று போகிற பக்கம் நீளும். வால் பக்கம் நிற்பவர் மேல் மருந்து விழும். வாங்கிய குழாய் கிழிந்துபோகவே, செத்துப்போன புருஷனின் முழுக்கைச் சட்டையில் ஒரு கையை வெட்டிக் கட்டியிருந்தாள். செத்தவர் துணியை ஆற்றில் விட்டிருக்க வேண்டும். நல்ல துணி, மனசு வரவில்லை.

புருஷன் இளஞ்செழியன் அன்று இதே வயலில்தான் முதுகில் தெளிப்பானைச் சுமந்து மருந்தடித்தான். காற்றுப் பார்த்துச் சொல்ல அவளை வரப்பில் நிறுத்தியிருந்தான். அவள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "காத்து அந்தப் பக்கம்தான் போவுது, அடிங்க" என்றாள். மருந்து அவன் முகத்திலேயே திரும்பி அடித்தது. பார்க்காமல் சொன்னதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பேச்சில்லாமல், நகம் நீலம் பாரித்த வலது கையைத் தூக்கி அவளையே காட்டிக்கொண்டு கிடந்தான். பெண்டாட்டி மேல் என்ன பிரியம் என்று நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. எதிர் வரப்பிலிருந்து வயல்காரர் கோவிந்தராசு.

"ஏம்மா நிக்கிறே? காத்து கெழக்கதானே போவுது?"

"சட்டைக்கை எம் பக்கம் காட்டுதுங்க."

"சுழல்காத்தா இருக்கும். இடம் மாறி நில்லு."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே வடக்கு வரப்புக்குப் போனாள். சட்டைக்கையும் மெல்ல வடக்கே திரும்பியது. எத்தனையோ தடவை சோப்புப் போட்டு அலசிய அந்தத் துணியிலிருந்து அவன் வியர்வையும் அன்றைய மருந்து நெடியும் ஒன்றாய்க் கலந்து வந்து, சேற்று வாசனையையும் மீறி மூக்கில் ஏறின.

அப்புறம் காற்றே நின்றுவிட்டது. ஓலைகள் தொங்கின. பயிர் அசையவில்லை.

சட்டைக்கை தொங்கவில்லை. துணிக்குள் முழங்கை மடங்கி, நிமிர்ந்தது.

அவள் எதையும் அழுத்தவில்லை. வரப்பில் வைத்திருந்த ட்ரோன் எழும்பியது. சட்டைக்கை காட்டிய பக்கம் திரும்பியது.

ஓடப் பார்த்தாள். வயலில் சறுக்கினாள். முழங்கால் வரை சேறு.

"நான் பாக்கலீங்க... காத்தைப் பாக்காமத்தான் சொன்னேன்..."

"யார்கிட்டம்மா பேசுறே?" என்றது போன்.

இரைச்சல் தலைக்கு மேல் வந்து நின்றது. சாரல். கண்ணில். உதட்டில்.

கம்பத்தில் கை தாழவில்லை. அதன் முனையில், நகம் நீலம் பாரித்த ஒரு விரல் அவளைக் காட்டிக்கொண்டிருந்தது.